கல்லுப்பும் கண்ணாடித் தொட்டியும்

கோல்டு ஃபிஷ் ஆயுள் முழுக்க நன்னீரில்தான் நீந்துகிறது. ஆனால் அதன் ரத்தம் உப்புக் கரிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு, ஒன்பது கிராம் உப்பைக் கரைத்தால் வரும் செறிவு அதற்கு. வெளியே இருக்கும் நீரிலோ உப்பு மிகச் சொற்பம். ஆகவே செவுள் வழியே இரவும் பகலும் தண்ணீர் மீனுக்குள் ஏறுகிறது, உப்பு வெளியே கசிகிறது. ஏறிய நீரைச் சிறுநீரகம் கழித்துத் தள்ளுகிறது. கசிந்த உப்பை, செவுளில் இதற்கென்றே அமைந்த உயிரணுக்கள் நீரிலிருந்து பொறுக்கி மீட்கின்றன. நோபல் பரிசு பெற்ற டென்மார்க் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக் 1930களில் கோல்டு ஃபிஷ் முதலான நன்னீர் உயிர்களை வைத்து இந்த மீட்பு வேலையை ஆராய்ந்து காட்டினார்.

நலமாக உள்ள மீனுக்கு இது பாரமே இல்லை. பாலித்தீன் பையில் பல மணி நேரம் குலுங்கி வந்த மீனுக்கும், செதில் உதிர்ந்து தோல் புண்ணான மீனுக்கும்தான் இது சுமையாகிறது. தொட்டி நீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உப்பு கரைந்திருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு குறைந்து, அந்தச் சுமை இறங்கும். மீனை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் பைத் தண்ணீரிலேயே உப்பைக் கரைத்துவிடுவதன் காரணம் இதுதான்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் போய் மீன் சோர்ந்து கிடக்கிறது என்றால், பல நேரம் வரும் முதல் பதில், ‘கொஞ்சம் கல்லுப்பு போடுங்க.’ நல்ல பதில். ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று தெரிந்து போடுவதில்தான் மீன் வளர்ப்பவரின் தேர்ச்சி இருக்கிறது.

உப்பு செய்யும் வேலைகளில் மிக அழகானது, மிகக் குறைந்த அளவில் நடப்பது. புதுத் தொட்டியில் மீனின் கழிவு முதலில் அம்மோனியாவாகிறது. பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த இரண்டாம் கூட்டத்து பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நைட்ரைட் தேங்கி நிற்கும். அது ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும். ரத்தம் பழுப்பு நிறமாகிவிடுவதால் அமெரிக்கத் தென்மாநிலக் கெளுத்திப் பண்ணைகளில் இதைப் ‘பழுப்பு ரத்த நோய்’ என்றே அழைக்கிறார்கள்.

இங்கேதான் உப்பின் நுட்பம். மீன் தன் செவுளில் குளோரைடை உள்ளிழுக்க வைத்திருக்கும் அதே வாசல் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. வாசலில் குளோரைடு நெருக்கியடித்து நின்றால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. நைட்ரைட்டைப் போலக் குறைந்தது பத்து மடங்கு குளோரைடு நீரில் இருக்க வேண்டும் என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். மணல், கல் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர் இருக்கலாம். அதில் 4.5 கிராம் உப்பைக் கரைத்தால், உப்பின் எடையில் 60 சதவீதம் குளோரைடு என்பதால், லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு சேரும். நைட்ரைட் 5 மில்லிகிராம்வரை ஏறினாலும் காவல் போதும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை, நம் நாக்குக்குக் கரிக்கவும் கரிக்காது, ஆனால் தொட்டி மீன்கள் மூச்சு முட்டாமல் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் மாற்றும் வேலையை இது குறைக்காது, அம்மோனியாவையும் தடுக்காது. இந்த ஒரு வேலையை மட்டும் துல்லியமாகச் செய்யும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு வேறு அளவு: லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். அதே தொட்டிக்கு 3 கிராம் வீதம் 135 கிராம். உடம்பில் புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் பத்திரமாக இருப்பதால் உப்பு அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, அடியில் போய்ப் பல நூறாகப் பிளந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் குஞ்சுகள்தான் உப்பில் மடிகின்றன. ஆகவே புள்ளிகள் மறைந்த மறுநாளே தண்ணீரை மாற்றிவிடுவது அவசரப்படுவது. பத்து நாளாவது உப்பு நிற்க வேண்டும். நீர் 30 டிகிரி செல்சியசை எட்டினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவதால் உப்புக்கு வேலை சுலபம். சென்னைக் கோடையில் அதற்கு ஹீட்டரே வேண்டாம், ஆனால் ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும்.

எல்லா மீனுக்கும் உப்பு உவப்பல்ல. மோலி கடல் நீரிலும் வாழப் பழகும், கப்பியும் நன்றாகத் தாங்கும். அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோவில் வாழும் கார்டினல் டெட்ராவின் சொந்த நீர் கிட்டத்தட்ட மழைநீர். கோரிடோராஸ் கெளுத்திக்கும் பெரும்பாலான நீர்ச்செடிகளுக்கும் 3 கிராம் மிக அதிகம். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அதில் உப்பிடுவதே நல்ல வழக்கம். ‘சும்மா இருக்கட்டும்’ என்று எப்போதும் உப்புப் போட்டுவைப்பது மருந்தை உணவாக்குகிற பழக்கம். கடலோரச் சென்னையின் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கிறது. அந்த அளவு இருந்தாலே நைட்ரைட்டுக்கான காவல் குழாயிலேயே வந்துவிடுகிறது, தனியாக உப்பு எதற்கு?

எந்த உப்பு? தூத்துக்குடி, வேதாரண்யம் அளங்களிலிருந்து வரும் கல்லுப்பு போதும். அதில் அயோடின் கலந்திருந்தாலும் இந்த அளவில் கெடுதல் இல்லை. கட்டியாகாமல் உதிர்வதற்கென வேதிப்பொருள் கலந்த தூள் உப்பைத் தவிர்ப்பது நல்லது. கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பில் இடைவெளி அதிகம், தராசில் நிறுத்துப் போட வேண்டும். தொட்டித் தண்ணீரையே ஒரு குவளையில் எடுத்து முழுதாகக் கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தவணையாக ஊற்றலாம். கரையாத கல் மேலே விழுந்தால் மீனின் தோல் வெந்துபோகும்.

தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த நீரை ஈடுகட்ட ஊற்றும்போது உப்பில்லாத தண்ணீரையே ஊற்றுங்கள். சிகிச்சை முடிந்தபின் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று முறை தண்ணீர் மாற்றினாலும், போட்ட 135 கிராமில் 40 கிராம் தொட்டியிலேயே நிற்கும். அந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள்.