தூங்குமூஞ்சிச் சருகு

ஜார்ஜ் டவுனில் சமையலறைக் கழிவை மக்க வைப்பவர்கள் இன்று மூன்று கட்சி: என்சைம் வாளிக்காரர்கள், பொகாஷிக்காரர்கள், குவியல்காரர்கள். நான் மூன்றாவது கட்சி. ஆள் குறைந்துவரும் கட்சி.

என்சைம்காரர்களோடு எனக்குப் பகையில்லை. ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் என்ற கணக்கு பினாங்கில் எத்தனையோ வீடுகளுக்கு மனப்பாடம். அந்த நீரில் தரை நன்றாகத்தான் துடைபடுகிறது. ஆனால் அன்னாசித் தோலுக்கு ஊட்டக் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பொகாஷியோ ஊறுகாய்தான், புளித்து முடித்த பிறகும் அதை மண்ணில் புதைத்தாக வேண்டும்.

குவியல் சூடேறும். அங்கேதான் அதன் ருசி. நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் அடுக்கினால் சில நாளில் உள்ளே 60 டிகிரியைத் தொடும்; கை வைக்க முடியாது. ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் 1931இல் நூலாக்கிய இந்தூர் முறையின் உயிரும் கலவையிலும் புரட்டலிலும்தான். ஆனால் இந்தூரில் மழை ஏறக்குறைய நான்கு மாதம். நமக்கு அப்படியா? செப்டம்பர், அக்டோபரில் தார்ப்பாய் போடாத குவியல் ஒரே வாரத்தில் காற்றிழந்து சாக்கடையாய் நாறும். அப்போது எல்லாரும் பச்சைக் கழிவைத்தான் திட்டுகிறார்கள். குற்றம் சருகுப் பஞ்சத்தில் இருக்கிறது. ஒரு கூடை ஈரத்துக்கு இரண்டு, மூன்று கூடை சருகு போட மனம் வராதவர் குவியல் பக்கம் வரவே வேண்டாம்.

சருகிலும் தரம் உண்டு. மாவிலை மெழுகுத்தோல்காரன், ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும். பலாவிலையை நொறுக்கிப் போட்டால்தான் வழிக்கு வரும். என் ஓட்டு தூங்குமூஞ்சிக்கு. தாவரவியல் பூங்காவின் பெருமரங்களுக்கடியில், தைப்பூசத்தையொட்டிய வறட்சியில், பொடிப்பொடியாய் உதிர்ந்து கிடக்குமே, அது. சிற்றிலையாதலால் பாளமாக ஒட்டாது. அவரைக் குடும்பம் என்பதால் தழைச்சத்தையும் கையோடு கொண்டுவருகிறது. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. அந்தப் பதத்தை இதைப்போல் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றும் சருகு வேறில்லை. காய்களை மட்டும் பொறுக்கிவிடுங்கள். அந்த இனிப்புப் பிசினுக்கு எறும்பு வரும். சூடு போதாவிட்டால் கத்தரிப் பாத்தி முழுக்கத் தூங்குமூஞ்சிக் கன்று.

கோப்பிக்கடைச் சக்கை நல்ல துணை. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கோப்பியாயிற்றே என்று சிலர் தயங்குகிறார்கள். சருகு போதுமான அளவு இருந்தால் குவியல் அதையெல்லாம் பொருட்படுத்தாது. தைப்பூசத் தேங்காய் மட்டையும் சிரட்டையும் வேண்டாம். அவற்றுக்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

தோட்டப்புற லயங்களின் பின்னால் குப்பைக்குழி இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், கூட்டிய சருகு எல்லாம் அதில் விழும். பெயர்தான் குப்பை, பூசணிக்கொடிக்கு அதுதான் சோறு. பட்டணத்துக்கு வந்தபின் கொல்லைக்குச் சிமெண்டு பூசினோம். முகமது இத்ரீஸ் தலைவராயிருந்த காலத்திலிருந்து பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை உரம், இயற்கை உரம் என்று சொல்லி ஓயவில்லை. கேட்டவர்கள் பலர்; மண்வெட்டி பிடித்தவர்கள்தான் சிலர்.

இப்போது காலையில் ஊதும் இயந்திரம் ஒன்று தெருவில் இரைகிறது. முதல்தரச் சருகெல்லாம் கறுப்புப் பையில் ஏறி, கடல் தாண்டிப் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை மறந்தா போனோம்? மாநிலம் 2016இலிருந்து குப்பையைப் பிரித்துப் போடச் சொல்கிறது. பிரிப்பதெல்லாம் சரிதான்; சருகை ஏன் ஐயா வாசல் தாண்ட விடுகிறீர்கள்? வேண்டாதவர்கள் பையை முடிச்சுப் போடாமல் வெளியே வையுங்கள். லாரி வருவதற்குள் நான் எடுத்துக்கொள்கிறேன்.