ஒற்றை வினாவின் வலிமையும் வரம்பும்

அறிவியல் புனைகதையின் செவ்வியல் காலமெனக் கொள்ளப்படும் 1940, 1950களில் அமெரிக்க இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளுள் பல, கருதுகோள் முறையில் அமைந்தவை. சோதித்துப் பார்ப்பதற்காக மெய்யென ஏற்றுக்கொள்ளப்படும் கூற்று கருதுகோள் எனப்படும். அறிந்த உலகின் நிலைமைகளுள் ஒன்றை மட்டும் மாற்றி, அதனால் நேர்வன யாவை என்று தருக்கம் பிறழாமல் இறுதிவரை தொடர்வதே இம்முறை.

இதன் வலிமையை ஐசக் அசிமோவின் 'நைட்ஃபால்' (1941) தெளிவாகக் காட்டுகிறது. ஆறு சூரியன்களின் ஒளியில் வாழும் லகாஷ் என்னும் கோளில், 2,049 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இரவு வருகிறது. இருளைக் கண்டறியாத மக்கள் விண்மீன்களைக் கண்டு மதியிழந்து, வெளிச்சத்திற்காகத் தம் நகரங்களையே எரிக்கின்றனர். நாள்தோறும் காணும் இரவு வாசகருக்கு முதன்முறையாக அச்சந்தருவதாகிறது. ஆயினும் அக்கதையின் மாந்தர் பெரும்பாலும் விளக்கம் கூறவே பேசுவதால், வானியலாளரும் உளவியலாளரும் தொழிலால் வேறுபடுகின்றனரேயன்றி உள்ளத்தால் வேறுபடவில்லை.

டாம் காட்வினின் 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' (1954) இம்முறையின் ஆழமான குறையை வெளிப்படுத்துகிறது. நோயுற்றோருக்கு மருந்து கொண்டுசெல்லும் சிறு விண்கலத்தில் அண்ணனைக் காணும் ஆவலால் ஒளிந்து ஏறிய இளம்பெண், எரிபொருள் கூடுதல் எடையைத் தாங்காது என்பதால் விண்வெளியில் இறக்க நேர்கிறது. இயற்கை விதி இரக்கம் அறியாதது என்று கதை வாதிடுகிறது. ஆனால் சிறிதும் மிச்சமின்றி எரிபொருளை அளந்தவரும், கலத்தைச் சோதிக்காமல் அனுப்பியவரும் மனிதரே. மனிதர் வகுத்த ஏற்பாட்டை இயற்கையின் ஆணையெனக் காட்டுவதால், பொறுப்பு யாருடையது என்ற வினா மறைக்கப்படுகிறது. அக்கதை இன்றும் விவாதிக்கப்படுவதற்கு இக்குறையே பெருங்காரணம் எனலாம்.

டேனியல் கீஸின் 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' (1959) இவ்வரம்பைக் கடக்கிறது. அறுவை சிகிச்சையால் அறிவாற்றல் பெருகும் சார்லி கார்டன், அவ்வாற்றல் நிலைக்காது என்பதைத் தன் ஆய்வினாலேயே கண்டறிகிறான். கதை முழுவதும் அவன் எழுதும் குறிப்புகளாகவே அமைவதால், எழுத்துப்பிழைகள் குறைவதும் மீண்டும் பெருகுவதும் அவன் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் உரைக்கின்றன. கருதுகோள் இங்கே விளக்கப்படவில்லை. மொழியின் உடலில் நிகழ்கிறது.

எனவே, இக்கதைகளின் நிலைபேற்றை எதிர்காலத்தை எவ்வளவு சரியாகக் கணித்தன என்பதைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. ஒற்றை வினா கதையைத் தொடங்கிவைக்கும் ஆற்றலுடையது. அவ்வினாவுக்கு ஒருவர் தம் வாழ்வையே விலையாகக் கொடுப்பதை வாசகர் உணரும்போதுதான் அது நெஞ்சில் தங்குகிறது. தான் இழந்ததை முழுமையாகச் சொல்லவும் இயலாத சார்லியின் இறுதிக் குறிப்பில், அவ்விழப்பை அவனுக்காக அறிந்திருக்கும் பொறுப்பு வாசகரிடமே வந்துசேர்கிறது.