சலூன் நாற்காலியும் ஆசிரிய பீடமும்

டொமினிக் ஜீவாவைப் பற்றிப் பேசும் மேடைகளில் ஒரு வாசகம் தவறாது வந்து விழுகின்றது. 'தனிமனிதராக நின்று சாதித்தார்' என்பதே அது. இதைச் சொல்வோர் அவர்மீது மெய்யான மதிப்புடையோரே. எனினும், இப்பாராட்டினுள் ஒரு சமுதாயக் குற்றம் மறைந்து கிடப்பதை நாம் காணத் தவறலாகாது. ஒருவர் தன்னந்தனியே சுமந்தார் என்றால், அச்சுமைக்குத் தோள் கொடுத்திருக்க வேண்டியவர்கள் எங்கே நின்றார்கள்? இக்கேள்வியை எழுப்பாத வாழ்க்கை வரலாறு வெறும் புகழ்மாலையேயாகும்.

ஜீவா 1927ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் பிறந்தார். சிகையலங்கரிப்புத் தொழிலைக் கொண்ட குடும்பம் அது. அவருடைய பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. சாதியின் பேரால் வகுப்பறையிற் பட்ட அவமானத்தை அவரே தமது சுயசரிதையிற் பதிவு செய்திருக்கின்றார். கல்வியைத் தவப்பேறாகப் போற்றும் யாழ்ப்பாணம், அக்கல்வியின் வாசலில் யாரை நிறுத்தி வைத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பள்ளி கொடுக்காததைப் பொதுவுடைமை இயக்கம் கொடுத்தது. தமிழகத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்மீது கொண்ட பற்றினால், டொமினிக் என்ற தம் பெயரோடு ஜீவா என்பதையும் இணைத்துக் கொண்டார்.

அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியான 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 'பாதுகை'யும் 'சாலையின் திருப்ப'மும் பின்னர் வந்தன. உழைக்கும் மக்களின் பேச்சும் பசியும் மானமும் இக்கதைகளில் இடம்பெற்றன. அம்மொழியை 'இழிசனர் வழக்கு' என இகழ்ந்த பண்டிதர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் இலக்கண வழுவைக் கண்டு மட்டும் பதறினார்கள் என்று நாம் நம்பவில்லை. அதுவரை இலக்கியத்தின் முற்றத்திற்கும் வராதவர்கள் நடுக்கூடத்தில் வந்தமர்ந்ததே அவர்களை உறுத்தியது.

1966 ஆகஸ்டில் 'மல்லிகை' பிறந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து புறப்பட்டது. தேநீர்க்கடையும் கோயிலும் எல்லோர்க்கும் திறக்கப்பட வேண்டுமென்ற போர்க்குரல் குடாநாட்டை உலுக்கிய காலம் அது. அந்நாட்களில், கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூன் ஓர் இலக்கியச் சஞ்சிகையின் பணிமனையாயிற்று. கத்தரிக்கோல் பிடித்த கையே கையெழுத்துப் படியையும் திருத்தியது. பேராசிரியரும் மாணவரும் தம் படைப்போடு அச்சலூனின் படியேறினர். எந்தத் தொழிலைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினார்களோ, அந்தத் தொழிலின் தலத்தையே அவர் கருத்துலகின் அரங்காக்கினார். ஜீவாவின் கதைகள் அனைத்தினும் வலிமை வாய்ந்த படைப்பு இதுவே என்பது நமது துணிபு.

இதழை அச்சிட்டதோடு அவர் பணி முடியவில்லை. பையிற் பிரதிகளைச் சுமந்து, தெருத்தெருவாக நடந்து, கூட்டங்களிலும் பணிமனைகளிலும் தம் கையாலேயே விற்றார். மேடையிற் பேசினார், பேசிய கையோடு இதழை நீட்டிச் சந்தாவும் கேட்டார். அவ்விதழின் அட்டை, திரைப்பட நடிகையருக்கன்றி ஈழத்து எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் உரியதாயிற்று. தென்னிலங்கையின் திக்குவல்லைப் பகுதி முஸ்லிம் எழுத்தாளரும் மலையகத்தாரும் அதில் இடம்பெற்றனர். சிங்களச் சிறுகதைகளும் தமிழாகி வந்தன. இனப்பகை வளர்க்கப்பட்ட ஆண்டுகளில் இது சிறிய காரியமன்று.

குறைகளையும் நாம் கூறியே ஆக வேண்டும். ஜீவாவின் கதைகள் சிலவற்றிற் பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியர் குறுக்கிட்டுப் பேசுகின்றார். 'மல்லிகை'யும் பல வேளைகளில் அரவணைப்பையே அளவுகோலாக்கிற்று. கடுமையான விமர்சனம் வேண்டிய இடத்திற் பாராட்டு வந்து நின்றது. எல்லாவற்றினும் மேலாக, ஆசிரியர் வளர வளரச் சிறுகதைக்காரர் ஒதுங்கிப் போனார். இதழின் கடன் கணக்கும் காகிதக் கணக்கும் அவர் எழுதியிருக்க வேண்டிய கதைகளின் நாட்களைத் தின்றன. இந்த இழப்பை அவர் மட்டுமா ஏற்படுத்தினார்? இலவசப் பிரதியை எதிர்பார்த்திருந்த படித்த வர்க்கத்துக்கு இதிற் பங்கில்லையா?

போர்ச் சூழலால் 1990களில் 'மல்லிகை' கொழும்புக்குப் பெயர்ந்தது. நானூறு இதழ்களைத் தாண்டி 2012இல் நின்றது. 2021 ஜனவரி 28ஆம் நாள், தமது 93ஆவது வயதில் ஜீவா மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒருவர் தோளில் நடந்த இதழை ஏற்று நடத்த ஒரு குழுவையேனும் நம்மால் அமைக்க முடியவில்லை. அவரும் அதற்கு இடம் வைக்கவில்லை. நாமும் இடம் கேட்கவில்லை.

இன்று 'மல்லிகை' இதழ்களிற் பெரும்பகுதி நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்திற் கிடைக்கின்றது. ஆசிரியர்களே, மாணவர்களே! அவருடைய படத்துக்கு மாலையிடுமுன் அவ்விதழ்களை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள்; படியுங்கள்; உடன்படாத இடத்தில் எதிர்த்து எழுதுங்கள். ஒரு சிறுவனை அவமதித்து வெளியேற்றிய வகுப்பறை, இவ்வளவு காலங்கடந்தேனும் அவரைப் பாடமாக ஏற்பது நியாயம்.