நாலு பாட்டுத் தட்டு

இலங்கைக் கிற்றார்க் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள், குழுவைத் தூக்கிவிட்ட அல்பம் எதுவென்று தேடுவார்கள். அது வெளிநாட்டு அளவுகோல். த பேண்ட் குழு 1968 இல் 'மியூசிக் ஃப்ரொம் பிக் பிங்க்' என்ற நெடுந்தட்டில், அமெரிக்க நாட்டார் இசையையும் தேவாலயப் பாட்டையும் ரொக்கோடு கலந்து பெயர் வாங்கியது. அந்தக் காலத்தில் நம் நாட்டுக் குழுவுக்கு வாய்த்தது, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஏழங்குலத் தட்டு. பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு. நீட்டி முழக்க இடமில்லை. முதல் வரியிலேயே கேட்பவர் பிடிபட வேண்டும். நம் பொப்பிசையின் தராதரத்தை இந்தத் தட்டை வைத்துத்தான் பேச வேண்டும்.

அதற்கு முன்பே இரண்டு வழிகள் இருந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் வேர்விட்ட பைலாவை, பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் சிங்களத்தில் மேடையேற்றினார். நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலெரோஸ் போன்றவை கலிப்சோக் குழுக்கள். இனிமைக்குக் குறைவில்லை, தொப்பியும் சட்டையும்கூட இரவல் என்பதுதான் என் குறை.

மூன்ஸ்டோன்ஸ் குழு வேறு. ஹப்புத்தளையில் 1943 இல் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்த்தன இரத்தினபுரியில் அனஸ்லி மாலேவனவோடு அந்தக் குழுவில் சேர்ந்தார். வானொலியில் விஜய கொரயா அவர்களை அறிமுகப்படுத்தினார். 'மேங்கோ நந்தா' வந்ததும் வீதியெல்லாம் அந்தப் பாட்டுத்தான். மின்கிற்றார் சத்தம் புதுமைதான், ஆனால் அதைப் பெரிதாக்குவது தவறு. ஹிந்தி, தமிழ்ப் படமெட்டுகளுக்குச் சிங்களச் சொல்லைப் பொருத்துவது வழக்கமாயிருந்த நாளில், கிளரன்ஸ் சொந்த மெட்டுப் போட்டார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கிற்றார் பதில் சொல்லும். அந்தப் பதிலையும் சேர்த்தே சனம் முணுமுணுத்தது. இதை நான் முதல் தராதரமாக வைப்பேன்.

தமிழ்ப் பொப் சொல்லால் வென்றது. உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்து முற்றப் பேச்சை அப்படியே பாட்டாக்கியது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து, 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் ஒலித்தது. நையாண்டியில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் நையாண்டியைப் பிடித்துக்கொண்டு மெட்டைக் கைவிட்டார்கள். கல்யாண வீட்டில் ஆடப் போதும். தனியே இருந்து கேட்க முடியாது.

மலைநாட்டுப் பிலிமத்தலாவையில் இருந்து பார்க்கையில் இன்னொரு குறையும் தெரிகிறது. வேரிசை என்று நாம் கொண்டாடுவதெல்லாம் பெரும்பாலும் கரையோர வேர். இங்கே கடலாதெனிய விகாரையை 1344 இல் தென்னிந்தியச் சிற்பி கணேஸ்வராச்சாரி எழுப்பினார். கல்லில் எப்போதோ நடந்த கலப்பு, தட்டில் ஏறவில்லை. பெரஹெராவில் கெட்டபெர மேளம் அடிப்பவரின் மகனும் தோட்டத்தில் தப்படிப்பவரின் மகனும் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போய்க் கிற்றார் பழகுகிறார்கள். இருவருக்கும் அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது பைலாவின் சிக்ஸ் எய்ட்.