படியும் காப்பும்: பழவேற்காட்டுப் பாடு முறையை முன்வைத்து

எண்ணிமப்படுத்துதலையே ஆவணக்காப்பாகக் கருதும் போக்கு தமிழாய்வில் காணப்படுகிறது. அது போதாது என்பதைப் பழவேற்காடு உணர்த்துகிறது. 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கடிதங்களைப் படியெடுத்துப் பத்தாவியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்பியது. வணிக மேற்பார்வைக்கென எடுக்கப்பட்ட அப்படிகள், கோட்டை சிதைந்த பின்னும் எஞ்சின. தி ஹேக், ஜகார்த்தா, சென்னை, கொழும்பு, கேப் டவுன் ஆகிய இடங்களிலுள்ள அக்கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ முறையோ பெரிதும் நினைவிலும் வழக்கத்திலுமே வாழ்கிறது. அதனை ஒலிப்பதிவு செய்து ஆய்வாளர் ஒருவரின் வன்தட்டில் மட்டும் வைப்பது இடமாற்றமேயன்றிக் காப்பாகாது. வன்தட்டு பழுதுறும்; கோப்பு வடிவம் வழக்கொழியும். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வேற்றிடத்தில் என்பது கணினித்துறையின் எளிய நெறி. புயலும் வெள்ளமும் கண்ட ஏரிக்கரைக்கு அந்நெறி இன்றியமையாதது. எஞ்சிய படிகளுள் ஒன்று குப்பத்தாரிடமே இருத்தல் வேண்டும். பாட்டுரிமைக்கான சான்று உரிமையுடையோர் கைக்கு எட்டாதவரை, அது காக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது.