எழும்பூரின் எலும்புக்கூடம்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் பெரும்பாலோர் சோழர் செப்புத் திருமேனிகளைத் தேடிப் போவார்கள். என் கால் முதலில் போவது விலங்கியல் கூடத்துக்குத்தான்.

அங்கே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. நீளத்தைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதன் துடுப்பருகே நின்று பாருங்கள். வெளியே துடுப்பு, உள்ளேயோ கை எலும்பு, மணிக்கட்டு, விரல் எலும்புகள்! கழுத்திலே ஏழு எலும்புகள். யானைக்கும் ஏழுதான், நமக்கும் ஏழுதான். பரிணாமத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பாடநூலை நான் படித்ததில்லை.

இந்த இடத்தின் கதையும் சுவையானது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 கனிமப் பாறை மாதிரிகளோடு, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் 1851இல் தொடங்கியது. பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1854இல் பாந்தியன் கட்டடத்துக்கு, அதாவது இப்போதைய இடத்துக்கு, வந்தார்கள். உயிரோடு விலங்கு இருந்தால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்ட பால்ஃபர் வளாகத்திலேயே ஒரு விலங்குக்காட்சி சாலையைத் தொடங்கினார். பின்னாளில் அது பூங்காநகர் சென்று, 1985இல் வண்டலூரில் நிலைகொண்டது. பெரியவர்கள் இன்னும் விலங்குக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்லக் கேட்கலாம்.

வண்டலூருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒருநாள் இங்கேயும் கூட்டி வாருங்கள். ஏழு எலும்புகளை அவர்களே எண்ணட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.