லிஸெட்டிடம் சொல்லாதது

ஹென்றி ஜேம்ஸ் என்றாலே பலருக்கும் பயம். வாக்கியங்கள் அப்படி, தொடங்கினால் முடியவே முடியாது. ஆனாலும் 1897-ல் வெளிவந்த ‘வாட் மேய்ஸி நியூ’ நாவலை அதில் வரும் ஒரு பொம்மைக்காகவாவது படிக்கலாம்.

மேய்ஸிக்கு ஆறு வயது. லண்டன். அப்பாவும் அம்மாவும் விவாகரத்தான கையோடு குழந்தையையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே. ஒருத்தர் இன்னொருத்தரைத் திட்டுவதை வீடு விட்டு வீடு சுமப்பதுதான் அவளுக்கு வேலை. ஒரு கட்டத்தில் சட்டென்று மண்டு மாதிரி ஆகிவிடுகிறாள். எதுவும் புரியாது, எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். அவளுடைய முதல் பாவனை விளையாட்டு இதுதான் என்பேன். அந்த வயசில் யாரும் அதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

அப்புறம் லிஸெட், பிரெஞ்சு பொம்மை. மேய்ஸி ஏதாவது கேட்டால் அம்மாவின் தோழிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லிஸெட்டோ மேய்ஸியிடம் கேட்டுக்கொண்டே இருப்பவள். வெளியே போய்விட்டு வந்தால், எங்கே போயிருந்தாய் என்பாள். பொம்மையிடம்கூடச் சொல்ல முடியாத விஷயங்கள் மேய்ஸிக்கு உண்டு. ஒருநாள், நீயே கண்டுபிடித்துக்கொள் என்கிற மாதிரி வெடுக்கென்று பதில் சொல்கிறாள். அம்மாவின் அதே குரல். பிறகு வெட்கமாகவும் இருக்கிறது. கடுமையாகப் பேசியதற்கா, அம்மா மாதிரி நடித்ததற்கா என்பதை ஜேம்ஸ் தெளிவாக்குவதில்லை.

நம் வீடுகளில் டீச்சர் விளையாட்டு உண்டே. சுவரெல்லாம் பிள்ளைகள், கையில் ஸ்கேல், ஒரே அதட்டல். பார்த்து ரசிப்போம். யாருடைய குரலில் அதட்டுகிறது என்று கவனிக்க மாட்டோம்.

பாடம் சொல்லித்தர வரும் மிஸஸ் விக்ஸின் மகள் வண்டி மோதி இறந்தவள். அந்தக் குழந்தை மேய்ஸிக்குச் செத்துப்போன சகோதரி ஆகிவிடுகிறாள். இருவரும் கென்சல் கிரீன் கல்லறைக்கே போய்ப் பார்த்து வருகிறார்கள். இரண்டு வீடு இருந்தும் கூடப்பிறந்தவளைக் கல்லறையில் தேட வேண்டியிருக்கிறது.

2012-ல் வந்த படம் கதையை இன்றைய நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. ஒனாட்டா ஏப்ரில் என்ற சிறுமியின் முகத்தை மறக்க முடியாது. ஆனால் அந்த மேய்ஸி ரொம்ப நல்ல பிள்ளை. பெரியவர்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நமக்கும் அவளுக்காகக் கண் கலங்குவது சுலபமாக இருக்கிறது. நாவலின் மேய்ஸிக்கு மறைக்கத் தெரியும், நடிக்கத் தெரியும், பொம்மையைப் புண்படுத்தவும் தெரியும். எனக்கு அவள்தான் வேண்டும்.